லினக்ஸைக் கட்டளை வரியில் நிறுவுதல்

லினக்ஸைக் கட்டளை வரியில் நிறுவுதல் என்பது, வரைகலை நிறுவியின் துணையில்லாமல், ஹார்டு டிஸ்க்கைப் பிரிப்பது முதல் இயங்குதளத்தைத் தொடக்கிவைக்கும் பூட்லோடரை எழுதுவது வரை ஒவ்வொரு படியையும் கட்டளையாகத் தட்டச்சு செய்து முடிக்கும் முறை. தமிழ்நாட்டில், குறிப்பாகத் திருநெல்வேலி போன்ற தென்மாவட்டங்களில், இம்முறைக்கு இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று, சென்னைக்கு வெளியே மென்பொருள் கிடைப்பதில் இருந்த சிரமம். மற்றொன்று, தமிழைச் சரியாகக் காட்டத் தெரியாத கன்சோல் திரை. முதல் தடை பெரும்பாலும் நீங்கிவிட்டது. இரண்டாவது இன்னும் நீங்கவில்லை.

செய்முறை

பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கியதும் திரையில் வருவது கட்டளைக்காகக் காத்திருக்கும் கறுப்புத் திரை மட்டுமே. 'எஃப்டிஸ்க்' கொண்டு வட்டில் பிரிவுகள் வகுக்கப்படும். புதிய யூஈஎஃப்ஐ கணினிகளில் தொடக்கக் கோப்புகளுக்கென ஃபேட்32 வடிவில் ஒரு சிறு பிரிவு தேவை. பிரிவுகளை வடிவமைத்து 'மவுண்ட்' செய்தபின், அடிப்படைத் தொகுப்புகள் அங்கே இறக்கப்படும். டெபியனில் இதற்கு 'டெபூட்ஸ்ட்ராப்', ஆர்ச்சில் 'பேக்ஸ்ட்ராப்'. அடுத்து 'சிஎச்ரூட்' மூலம் புதிய அமைப்புக்குள் நுழைந்து, நேர மண்டலத்தை ஏசியா/கொல்கத்தா என்று வைத்து, மொழி அமைப்பு, கடவுச்சொல் ஆகியவற்றை முடித்து, கடைசியாகக் 'கிரப்' பூட்லோடரை எழுத வேண்டும்.

பிரிவின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அதே வட்டில் உள்ள விண்டோஸ் கோப்புகள் அழிந்துபோகலாம். எனவே முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைத்த பிறகே பணி தொடங்கப்படுகிறது.

தோற்றம்

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் லினக்ஸ் கருனியை அறிவித்தபோது நிறுவி என்று எதுவும் இல்லை; பிளாப்பிகளிலிருந்து கோப்புகளைக் கையால் நகலெடுப்பதே வழி. 1992இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் கணினி மையம் மெனு வழியே நிறுவும் தொகுப்பை வெளியிட்டது. 1993இல் ஸ்லாக்வேர், டெபியன் ஆகிய வழங்கல்கள் தொடங்கின. ஸ்லாக்வேரின் முதல் பதிப்புக்கு 24 பிளாப்பிகள் தேவைப்பட்டன. அடுத்த ஆண்டே அது 73 ஆனது.

அக்காலத்துப் பூட்லோடரான லிலோ, தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளைப் படிப்படியாகத் திரையில் இடும். நான்கும் வந்தால் பணி முடிந்தது. 'எல், ஐ' என்ற இரண்டோடு நின்றால், இரண்டாம் கட்ட நிரல் வட்டிலிருந்து வந்தும் இயங்கவில்லை என்று பொருள். பிழையைத் தேட அந்த எழுத்துகளே துப்பு.

வரைகலை நிறுவிகள் பெருகியபின் கைமுறை நிறுவல் கற்றலுக்கான வழியாக மாறியது. 1999இல் தொடங்கிய 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச்', 2002இல் வெளிவந்த ஜென்டூ 1.0, அதே ஆண்டு பிறந்த ஆர்ச் லினக்ஸ் ஆகியவை இவ்வகையில் முதன்மையானவை.

தமிழ்நாட்டில் பரவல்

இந்தியாவில் 1996இல் 'பிசி குவெஸ்ட்' இதழ் தன்னுடன் லினக்ஸ் சிடியை இணைத்துத் தந்தது பெரிய திருப்பம். 56 கிலோபிட் டயல்-அப் இணைப்பில் ஒரு சிடி அளவுத் தரவை இறக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால், இதழும் அஞ்சலும்தான் நடைமுறை வழிகள். 1998 முதல் இயங்கும் சென்னை லினக்ஸ் பயனர் குழு, சென்னை ஐஐடியில் மாதாந்திரக் கூட்டங்கள் நடத்தியது. 2005இல் சி-டாக் நிறுவனமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் இணைந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அதன் வழியே டெபியனை அடிப்படையாகக் கொண்ட 'பாஸ்' லினக்ஸ் 2007இல் வெளியானது.

திருநெல்வேலி வட்டாரம்

சென்னையிலிருந்து 600 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள தாமிரபரணிக் கரை ஊர்களில் இருந்தவர்களுக்கு மாதாந்திரக் கூட்டம் எட்டாத தூரம். இதழ்களின் சிடியும், 2005 முதல் 2011 வரை உபுண்டு கட்டணமின்றி அஞ்சலில் அனுப்பிய சிடியுமே அவர்களுக்குக் கைக்கெட்டியவை. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் நிலைமையை மாற்றியது. அக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்ததால், அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் டூ மாணவர் வீட்டுக்கே லினக்ஸ் பிரிவு ஒன்று வந்து சேர்ந்தது. 2016இல் ஜியோ வந்து மொபைல் டேட்டா மலிவானபின், செல்போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, தொகுப்புகளை நேரடியாக இறக்கி நிறுவுவது சிற்றூர்களிலும் இயலக்கூடியதாயிற்று.

கன்சோலில் தமிழ்

லினக்ஸ் கன்சோல் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்கள் இடம்பெறலாம். தமிழின் 247 எழுத்துகளுக்கு அது தாராளம். சிக்கல் எண்ணிக்கையில் இல்லை. யூனிகோடு 'கொ' என்பதைக் ககரம், உயிர்க்குறி என இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கிறது. வரையும்போது கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் வர வேண்டும். ஒரு கட்டத்துக்கு ஒரு வடிவம் என வரிசையாக இடும் கன்சோலுக்கு இந்த இடமாற்றம் தெரியாது.

2007 ஏப்ரலில் வந்த டெபியன் 4.0 வரைகலை நிறுவியை அறிமுகப்படுத்தியபோது அதில் தமிழ் இடம்பெற்றது. உரைவடிவ நிறுவியில் இடம்பெறவில்லை. இந்தி, மலையாளம், வங்காளம் ஆகியவற்றுக்கும் அதே நிலைதான். கைமுறையாக நிறுவுவோர் வரைகலைச் சூழல் வரும்வரை ஆங்கிலத்தில் வேலை செய்து, பிறகே 'டிஏ_ஐஎன்' மொழி அமைப்புக்கு மாறுகின்றனர்.

இன்றைய நிலை

ஆர்ச் லினக்ஸ் 2021 ஏப்ரல் முதல் 'ஆர்ச்இன்ஸ்டால்' என்னும் வழிகாட்டு நிறுவியைத் தன் வட்டுப் படிமத்திலேயே சேர்த்து வழங்குகிறது. ஆயினும் பழுதான அமைப்பை மீட்கவும், திரை இல்லாத சர்வர்களை அமைக்கவும் கைமுறைப் படிகள் தேவைப்படுகின்றன. திரையில் வராத தமிழ், பாடநூலில் வந்தது: 2012இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழும், நித்யா துரைசாமியின் 'எளிய தமிழில் குனு/லினக்ஸ்' நூலும் கட்டளைகளைத் தமிழில் விளக்குகின்றன. கணியத்தின் கட்டுரைகளும் நூல்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால், திருநெல்வேலியில் கற்பவர் சென்னைக் கூட்டத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை.