கணினி ஆட்டங்களில் திக்கலும் சுணக்கமும்

கணினி ஆட்டங்களில் திக்கல் என்பது, நிகழ்பட ஆட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது திரையில் அசைவு சீராகத் தொடராமல் இடையிடையே நின்று நின்று செல்வதைக் குறிக்கும். சுணக்கம் என்பது ஆடுபவர் விசையை அழுத்தும் நேரத்துக்கும் அதன் விளைவு திரையில் தெரியும் நேரத்துக்கும் இடைப்பட்ட காலம் ஆகும். பேச்சு வழக்கில் இவ்விரண்டும் "லேக்" என்ற ஒரே சொல்லால் சுட்டப்படுகின்றன. ஆயினும் இவற்றின் காரணங்கள் வேறு, தீர்வுகளும் வேறு. இவ்வேறுபாட்டை அறியாமல், விசிறியில் படிந்த தூசியால் திணறும் கணினிக்குப் புதிய வரைகலை அட்டை வாங்குவதும், கணினியின் குறைக்கு இணையச் சேவையை மாற்றுவதும் பரவலாக நிகழும் வீண்செலவுகள் ஆகும். வரைகலை அட்டையே பெரும்பாலும் ஆட்டக் கணினியின் விலையுயர்ந்த உறுப்பு என்பதால், மாணவர்களுக்கு இது சிறிய இழப்பு அன்று.

அளவீடு

திரையில் தோன்றும் அசைவு, தனித்தனிப் படங்களின் வரிசையே ஆகும். ஒவ்வொரு படமும் சட்டகம் எனப்படும். நொடிக்கு 60 சட்டகங்கள் என்றால் ஒவ்வொன்றையும் வரைய ஏறத்தாழ 16.7 மில்லிநொடி கிடைக்கிறது. நொடிக்கு 144 என்றால் கிடைப்பது 6.9 மில்லிநொடி மட்டுமே.

நெடுங்காலம் கணினிகளின் ஆட்டத்திறன், நொடிக்கு எத்தனை சட்டகம் என்ற சராசரியால் மட்டுமே மதிப்பிடப்பட்டது. இச்சராசரி திக்கலை மறைத்துவிடும். எடுத்துக்காட்டாக, ஒரு நொடியில் 59 சட்டகங்கள் தலா 15 மில்லிநொடியிலும், ஒரே ஒரு சட்டகம் 115 மில்லிநொடியிலும் வரையப்பட்டால் மொத்தம் 60 சட்டகங்கள் கிடைக்கும். எண் நிறைவளிப்பதாக இருக்கும். ஆனால் அந்த ஒரு சட்டகத்தில் திரை உறைந்து நிற்பதைக் கண் தெளிவாக உணரும். 2011 செப்டம்பரில் டெக் ரிப்போர்ட் இதழில் இசுகாட் வாசன் எழுதிய கட்டுரை, ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஆன நேரத்தைத் தனித்தனியே அளக்க வேண்டும் என்பதை வலியுறுத்தியது. அதன் பின்னரே இம்முறை பரவலானது. 2013 இல் என்விடியா நிறுவனம் எஃப்கேட் என்ற அளவீட்டு முறையை வெளியிட்டது.

இன்டெல் நிறுவனத்தின் பிரசன்ட்மான், தனியார் உருவாக்கமான கேப்ஃபிரேம்எக்சு போன்ற கட்டணமற்ற மென்பொருட்களைக் கொண்டு இவ்வளவீட்டை வீட்டிலேயே செய்யலாம். வரைபடத்தில் கோடு தட்டையாக இருந்தால் ஆட்டம் சீராக ஓடுகிறது எனலாம். ஊசிகள் போல் மேலெழும் இடங்களே திக்கல்கள். ஊசிகள் எப்போது எழுகின்றன என்பதைக் கவனிப்பது சிக்கலைக் கண்டறிவதில் பாதி வேலை.

கணினியா, இணையமா

முதலில் செய்ய வேண்டியது, இணையத் தொடர்பின்றி ஆடக்கூடிய பயிற்சி ஆட்டம் ஒன்றைத் தொடங்கிப் பார்ப்பதாகும். அதிலும் திக்கல் தோன்றினால் குறை கணினியில் உள்ளது. பயிற்சியில் சீராக ஓடி, பிறருடன் ஆடும்போது மட்டும் எதிராளிகள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுவது போலத் தோன்றினால் குறை வலையமைப்பில் உள்ளது. பின்னதில் சுட்டியை அசைக்கும்போது காட்சி தடையின்றித் திரும்பும். பிறருடைய நகர்வுகள் மட்டுமே பிசகும். இந்த எளிய சோதனையைத் தவிர்த்துவிட்டு உடனே உதிரிப்பாகம் வாங்கக் கிளம்புவோரே மிகுதி.

வெப்பம்

தமிழ்நாட்டில், குறிப்பாகக் கடலோரக் குளிர்ச்சி எட்டாத உள்நாட்டுப் பகுதிகளில், கோடை மாதங்களில் முதலில் ஐயுற வேண்டியது வெப்பத்தையே. மையச் செயலியும் வரைகலைச் செயலியும் தமக்கென வகுக்கப்பட்ட வெப்ப எல்லையை எட்டும்போது தம்மைக் காத்துக்கொள்ளத் தமது வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். மையச் செயலிகளில் இவ்வெல்லை பெரும்பாலும் 90 முதல் 105 பாகை செல்சியசுக்குள் அமைகிறது. வேகம் குறைந்ததும் வெப்பம் தணியும். தணிந்ததும் வேகம் ஏறும். இவ்வாறு மாறி மாறி நிகழ்வதே திக்கலாகத் தெரிகிறது.

குளிர்விக்கும் அமைப்பு, அறையின் வெப்பநிலைக்கு மேல் இத்தனை பாகை என்ற கணக்கிலேயே இயங்குகிறது. எனவே 25 பாகை அறையில் 80 பாகையில் ஓடும் செயலி, அதே வேலையை 38 பாகை அறையில் செய்யும்போது ஏறத்தாழ 93 பாகையை எட்டும். குளிரூட்டிய அறையில் எடுக்கப்பட்ட அளவீடுகளை நம்பி வாங்கிய கணினி, அக்னி நட்சத்திர நாள்களில் ஏமாற்றம் தருவது இதனாலேயே. ஆட்டம் தொடங்கிப் பத்து, பதினைந்து நிமிடங்களுக்குப் பிறகே திக்கல் தோன்றுவது வெப்பச் சிக்கலின் தெளிவான அடையாளம் ஆகும்.

தீர்வு பெரும்பாலும் செலவற்றது. கணினியை அணைத்து, மின்னிணைப்பைக் கழற்றி, விசிறிகளிலும் ஹீட்சிங்க் தகடுகளிலும் படிந்துள்ள தூசியை ஊதி அகற்றுதல் முதற்படி. ஊதும்போது விசிறி இதழ்களை விரலால் பிடித்துக்கொள்ளுதல் நல்லது. அவை வேகமாகச் சுழன்றால் தாங்குருளைகள் பழுதாகலாம். சில ஆண்டுகள் பழகிய கணினியாயின் செயலியின் மேல் தடவப்பட்ட தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கக்கூடும். அதைத் துடைத்துப் புதிதாகத் தடவ வேண்டும். கணினிப் பெட்டியைச் சுவரோடு ஒட்டியோ மேசையின் மூடிய அறைக்குள்ளோ வைத்தலும், மடிக்கணினியை மெத்தையின் மேல் வைத்து ஆடுதலும் காற்றோட்டத்தை அடைத்துவிடும்.

மடிக்கணினிகளில் மின்சாரமும் ஒரு காரணம். மின்தடையின்போது மின்கலத்துக்கு மாறியவுடன் செயலிகளின் மின்நுகர்வு எல்லை வெகுவாகக் குறைக்கப்படும். ஆட்டம் திடீரெனத் திணறத் தொடங்கினால் மின்விசிறி சுற்றுகிறதா என்று முதலில் பார்க்கலாம்.

நினைவகமும் தட்டும்

அசெம்பிள் செய்து விற்கப்படும் குறைந்த விலைக் கணினிகளில் பெரும்பாலும் ஒரே ஒரு ராம் பட்டையே பொருத்தப்படுகிறது. டிடிஆர்4-3200 வகைப் பட்டை ஒன்று நொடிக்கு 25.6 கிகாபைட்டு தரவைக் கடத்தும். இரண்டு பட்டைகளை உரிய பொருத்துவாய்களில் இட்டால் இது 51.2 கிகாபைட்டாகும். தனி வரைகலை அட்டை இல்லாத கணினிகளில் இம்மாற்றம் மட்டுமே பெரும் வேறுபாட்டைத் தரும்.

வரைகலை அட்டையின் சொந்த நினைவகம் நிரம்பிவிட்டால் எஞ்சிய தரவு கணினியின் பொது நினைவகத்துக்குத் தள்ளப்படும். அங்கிருந்து மீட்டெடுக்க ஆகும் நேரம் திக்கலாக வெளிப்படும். 2014 இல் வெளியான என்விடியா ஜிடிஎக்சு 970 அட்டையின் 4 கிகாபைட்டு நினைவகத்தில் கடைசி அரை கிகாபைட்டு மிக மெதுவானது என்பது 2015 சனவரியில் வெளிப்பட்டபோது இது பெரும் சர்ச்சையானது. அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கின் முடிவில், வாங்கியோருக்கு அட்டை ஒன்றுக்கு 30 டாலர் வழங்க அந்நிறுவனம் 2016 இல் உடன்பட்டது. ஆட்ட அமைப்புகளில் இழையமைப்புத் தரத்தை ஒரு படி குறைத்தால் இச்சிக்கல் நீங்குகிறதா எனச் சோதிக்கலாம். வன்தட்டில் நிறுவப்பட்ட பெரிய ஆட்டங்களைத் திண்மநிலைத் தட்டுக்கு மாற்றுவதும் பயன்தரும்.

ஷேடர் தொகுத்தல்

புதிய இடத்துக்குள் முதன்முறை நுழையும்போதும் புதிய வெடிப்பு, புகை போன்றவை முதன்முறை தோன்றும்போதும் மட்டும் ஏற்பட்டு, மறுமுறை அதே இடத்தில் ஏற்படாத திக்கல் ஷேடர் தொகுத்தலால் விளைவது. ஷேடர் என்பது ஒளியும் நிழலும் எவ்வாறு விழ வேண்டும் என்று வரைகலைச் செயலிக்குக் கூறும் சிறு நிரல் ஆகும். ஒவ்வோர் அட்டைக்கும் ஏற்ப அதை அக்கணமே மொழிபெயர்க்க வேண்டியிருப்பதால் ஆட்டம் ஒரு கணம் காத்திருக்கிறது. டைரக்ட்எக்சு 12 நுட்பத்தில் எழுதப்பட்ட பல ஆட்டங்களில் இக்குறை உண்டு. ஆட்டத்தை உருவாக்கியோரே இதைச் சரிசெய்ய வேண்டும். ஆடுபவர் செய்யக்கூடியது, தொடக்கத்தில் ஓடும் முன்தொகுப்பை இடையில் நிறுத்தாமல் முடிய விடுவதே. வரைகலை இயக்கியைப் புதுப்பித்த பின் முதல் ஓரிரு ஆட்டங்கள் திக்குவதும் இதனாலேயே. அதைக் கண்டு பழைய இயக்கிக்குத் திரும்ப வேண்டியதில்லை.

இயக்கிகளும் டிபிஎம் நிகழ்வும்

விண்டோஸ் இயக்குதளத்தில், வன்பொருள் இயக்கிகள் சில வேலைகளைப் பிற எல்லாவற்றுக்கும் முன்னுரிமை பெற்றுச் செய்கின்றன. பிழையான இயக்கி ஒன்று இவ்வுரிமையை நீண்ட நேரம் பிடித்துக்கொண்டால் ஆட்டமும் ஒலியும் ஒருசேரத் தடைபடும். படம் நிற்கும் அதே கணத்தில் ஒலியும் கரகரத்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. எந்த இயக்கி குற்றவாளி என்பதை லேட்டன்சிமான் என்ற மென்பொருள் காட்டும். கம்பியில்லா வலையமைப்பு இயக்கிகள் இதில் அடிக்கடி அகப்படுகின்றன.

இவ்வகையில் நன்கறியப்பட்ட நிகழ்வு ஒன்று 2022 இல் வெளிவந்தது. 2021 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்பு வசதியைக் கட்டாயமாக்கியது. பல கணினிகளில் இது தனிச் சில்லாக இல்லாமல் செயலியின் நிலைப்பொருளிலேயே அமைந்திருந்தது. ஏஎம்டி ரைசன் செயலி கொண்ட கணினிகள் சிலவற்றில், எந்த ஒழுங்குமின்றி அவ்வப்போது கணினி முழுவதும் ஓரிரு நொடிகள் திணறியது. உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றியும் பயனில்லை. நிலைப்பொருள் டிபிஎம், தாய்ப்பலகையில் உள்ள மெதுவான நினைவகச் சில்லுடன் நீண்ட நேரம் தரவு பரிமாறுவதே காரணம் என்று 2022 மார்ச்சில் ஏஎம்டி ஒப்புக்கொண்டது. தாய்ப்பலகை நிறுவனங்கள் அவ்வாண்டு மே முதல் திருத்திய பயாசுகளை வெளியிட்டன. பழைய பயாசுடன் இயங்கும் ரைசன் கணினிகளில் இக்குறை இன்றும் காணப்படலாம் என்பதால், காரணம் புலப்படாத திக்கலுக்குப் பயாசைப் புதுப்பித்துப் பார்த்தல் வேண்டும். புதுப்பிக்கும்போது மின்சாரம் தடைபட்டால் தாய்ப்பலகை செயலிழக்கக்கூடும். யுபிஎஸ் இணைப்பின்றி இதைச் செய்தல் கூடாது.

உள்ளீட்டுச் சுணக்கம்

வரைகலைச் செயலி தன் முழுத்திறனில் திணறும்போது, மையச் செயலி ஆயத்தம் செய்த சட்டகங்கள் வரிசையில் காத்து நிற்கும். ஆடுபவர் காண்பது பழைய சட்டகத்தை. ஆகவே சட்டக எண்ணிக்கைக்குத் திரையின் புதுப்பிப்பு வீதத்தைவிடச் சற்றே குறைவான வரம்பு விதித்தால் சுணக்கம் குறைவதுண்டு. வேகத்தைக் குறைத்துச் சுறுசுறுப்பைப் பெறுவது முரணாகத் தோன்றினாலும் உண்மை. என்விடியாவின் ரிஃப்ளெக்சு நுட்பம் (2020) இவ்வரிசையைச் சுருக்குகிறது. ஏஎம்டியின் ஆன்டி-லேக் பிளசு 2023 இல் வந்தபோது, அது ஆட்டத்தின் நிரலுக்குள் தலையிட்டதால் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 ஆட்டத்தின் ஏமாற்றுத்தடுப்பு முறை அதைப் பயன்படுத்தியோரைத் தடைசெய்தது. அவ்வசதி திரும்பப் பெறப்பட்டது.

வலையமைப்புச் சுணக்கம்

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. ஆயிரம் கிலோமீட்டர் தொலைவுக்குச் சென்று திரும்ப 10 மில்லிநொடி ஆகும். எந்த விளம்பரமும் இதைக் குறைக்க இயலாது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் புதுக்கோட்டை நகருக்குத் தெற்கே உள்ள அரிமளம் பேரூராட்சியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்கிருந்து சென்னை வரை கம்பிவழித் தொலைவு 400 கிலோமீட்டர் எனக் கொண்டால் சென்று திரும்ப 4 மில்லிநொடி. சென்னை வழியாக மும்பை வரை 1,700 கிலோமீட்டர் எனில் 17 மில்லிநொடி. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002 இல் அமைக்கப்பட்ட ஐ2ஐ கடலடி வடம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமுடையது. அவ்வழியே அரிமளத்திலிருந்து சிங்கப்பூர் சென்று திரும்பக் குறைந்தது 36 மில்லிநொடி. இவை கீழெல்லைகள், இடையிலுள்ள கருவிகளும் சுற்றுவழிகளும் இவற்றைக் கூட்டும். இதனாலேயே வழங்கி எங்குள்ளது என்பது இணைய வேகத்தைவிட முதன்மையானது. வாலரன்ட் ஆட்டத்துக்கு 2020 இல் மும்பையில் வழங்கிகள் அமைந்தன. வால்வு நிறுவனம் கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆட்டத்துக்கு மும்பை, சென்னை ஆகிய இரு இடங்களையும் பயன்படுத்தியுள்ளது. ஆட்ட அமைப்பில் தவறுதலாக ஐரோப்பிய வழங்கி தெரிவாகியிருந்தால் எந்த இணையத்திட்டமும் உதவாது.

குறை எவ்விடத்தில் உள்ளது என்பதைப் பிங் கட்டளையால் படிப்படியாக அறியலாம். முதலில் வீட்டு ரவுட்டரின் முகவரிக்கு அனுப்ப வேண்டும். அதற்கே 1 அல்லது 2 மில்லிநொடிக்கு மேல் ஆகி, எண்கள் தாறுமாறாக மாறினால் குறை வீட்டுக்குள்தான், பெரும்பாலும் வைஃபை. அரிமளத்தை ஒட்டிய செட்டிநாட்டுப் பகுதியின் பழைய வீடுகளில் உள்ளதைப் போன்ற தடித்த சுவர்கள் 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளை வெகுவாக விழுங்கிவிடும். பதினைந்து மீட்டர் லேன் கம்பி ஒன்று, விலையுயர்ந்த "கேமிங் ரவுட்டர்" தராத பயனைத் தரும். ரவுட்டர் வரை சீராகவும், அதற்கப்பால் பிசகாகவும் இருந்தால் மட்டுமே சேவை நிறுவனத்திடம் முறையிட வேண்டும்.

வீட்டில் வேறொருவர் படங்களைப் பதிவேற்றும்போது மட்டும் சுணக்கம் ஏறினால் அது இடையக வீக்கம் எனப்படும். ரவுட்டர் தன்னிடம் குவியும் தரவுப்பொதிகளை எல்லாம் நீண்ட வரிசையில் நிறுத்தி வைப்பதால், ஆட்டத்தின் சிறு பொதியும் அவற்றின் பின்னால் நிற்க நேர்கிறது. ஜிம் கெட்டிசு 2010 வாக்கில் இதற்குப் பெயரிட்டுக் கவனத்துக்குக் கொணர்ந்தார். கேத்லீன் நிக்கல்சும் வான் ஜேக்கப்சனும் 2012 இல் கோடெல் என்ற தீர்வை முன்வைத்தனர். ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற திறமூல ரவுட்டர் மென்பொருட்களில் இதன் வழிவந்த முறைகள் உள்ளன. அவற்றை இயக்கி, பதிவேற்ற வேகத்தை உண்மை வேகத்தில் 90 விழுக்காடு அளவுக்கு வரம்பிட்டால் போதும்.

கண்ணாடி இழை இணைப்புகளில் பார்க்க வேண்டிய இன்னோர் எண், வீட்டிலுள்ள இழை மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் காட்டப்படும் ஒளி ஏற்புத் திறன் ஆகும். இது மைனசு 27 டெசிபல்-மில்லிவாட்டுக்கு அருகே இறங்கியிருந்தால் பொதிகள் தொலையத் தொடங்கும். ஊர்ப்புறங்களில் இழைகள் கம்பம் விட்டுக் கம்பம் இழுக்கப்படுவதால் கூர்மையாக மடங்கிய இடமோ, பழுதான ஒட்டோ இதற்குக் காரணமாகும். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஏராளமான கம்பங்களைச் சாய்த்தது. இத்தகைய நிகழ்வுகளுக்குப் பின் அவசரமாக ஒட்டப்படும் இழைகள், இணைப்பு அறுந்துபோகாமல் ஆட்டத்தில் மட்டும் தெரியும் குறையை விட்டுச் செல்வதுண்டு. முறையிடும்போது "இணையம் மெதுவாக உள்ளது" என்பதற்கு மாறாக இந்த எண்ணைக் குறிப்பிட்டால் பழுதுபார்ப்பவர் எங்கு தேட வேண்டும் என்பதை அறிவார்.