நீக்கப்பட்ட 111 வெற்றிகள்

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்கு உயிரெழுத்துச் சொல்லிக் கொடுப்பதற்கு என்னுடைய பத்து விரல் ரேகையும் எதற்கு என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். 2015ஆம் ஆண்டு. பென்சில்வேனியா மாநிலத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் தமிழ்ப்பள்ளி அது. அவர் ஊரில் முப்பது வருடம் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டில் தங்கியிருந்தார். தானே முன்வந்து வகுப்பு எடுக்கிறேன் என்றார். நான் படிவங்களை நீட்டினேன்.

"தம்பி, முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கேன். நான் யோக்கியன்னு இனிமே போலீஸ் சொல்லணுமா?"

"எல்லாருக்கும் உள்ள சட்டம்தான் ஐயா. நானும் கொடுத்திருக்கேன்" என்றேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. சரியான பதில் ஒரு கால்பந்துப் பயிற்சியாளரிடமிருந்து தொடங்குகிறது. அன்று அதைச் சொல்ல நேரமில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

மேற்படிப்புக்காக நான் அமெரிக்கா வந்தபோது இந்த ஊர்க் கால்பந்து எனக்கு விளங்கவில்லை. பந்தைக் காலால் தொடுவது அபூர்வம். பாதி நேரம் ஆட்டக்காரர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். ஆனால் ஒன்று சீக்கிரமே புரிந்தது. ஒரு மாநிலத்தில் கவர்னர் யார் என்று தெரியாதவர்களுக்கும் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியாளர் யார் என்று தெரியும். பல மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர் அவர்தான். பென்சில்வேனியாவில் அந்த இடத்தில் ஒரே ஒருவர் 46 பருவங்கள் இருந்தார். பெயர் ஜோ பட்டெர்னோ. விசிறிகளுக்கு 'ஜோபா'.

1926இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு பாதிரியாரிடம் வர்ஜிலின் 'ஈனெய்ட்' காவியத்தை லத்தீனில் பாடம் கேட்டவர். அதைக் கடைசிவரை பேசிக்கொண்டிருந்தார். 1950இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு உதவிப் பயிற்சியாளராக வந்தார். 1966இல் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 1982இலும் 1986இலும் அவருடைய அணி தேசிய வெற்றியாளர் ஆனது. தொழில்முறை அணி ஒன்று பெரும் பணத்துடன் அழைத்தபோது மறுத்துவிட்டார். படிக்காத பையன் ஆடக்கூடாது என்பது அவருடைய கொள்கை. வகுப்பையும் மைதானத்தையும் ஒன்றாக நடத்த முடியும் என்று காட்டப் போவதாகச் சொன்னார். அதை 'மாபெரும் பரிசோதனை' என்றே அழைத்தார்கள். அவரும் மனைவியும் பல்கலைக்கழகத்துக்கு 40 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அங்கே அவர் பெயரைத் தாங்கி நிற்பது விளையாட்டரங்கம் அல்ல, நூலகம். அரங்கத்துக்கு வெளியே 2001இல் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். ஆள்காட்டி விரலை உயர்த்தியபடி ஓடிவருவார், பின்னால் ஆட்டக்காரர்கள்.

2011 அக்டோபர் 29, இல்லினாய் அணியுடன் ஆட்டம். பருவத்துக்கு முந்திய பனி கொட்டியது. பென் ஸ்டேட் 10-7 என்று வென்றது. அது பட்டெர்னோவின் 409ஆவது வெற்றி. கிராம்பிளிங் பயிற்சியாளர் எடி ராபின்சனின் 408ஐ அவர் தாண்டினார். கல்லூரிக் கால்பந்தின் முதல் பிரிவில் அதற்கு மேல் யாரும் வென்றதில்லை.

ஒரு வாரம் கழித்து ஜெர்ரி சான்டஸ்கி கைது செய்யப்பட்டார். அவர் 1999வரை பட்டெர்னோவின் தற்காப்புப் பிரிவைப் பயிற்றுவித்தவர். ஏழைச் சிறுவர்களுக்கென்று ஒரு தொண்டு நிறுவனத்தை 1977இல் தொடங்கி நடத்தியவர். அந்த நிறுவனத்தின் வழியாக வந்த சிறுவர்களைப் பல வருடங்கள் பாலியல் வன்கொடுமை செய்தார் என்பது குற்றச்சாட்டு. ஓய்வு பெற்ற பின்னும் அணியின் கட்டடத்துச் சாவி அவரிடம் இருந்தது.

2001 பிப்ரவரியில் ஓர் இரவு, அந்தக் கட்டடத்தின் குளியலறையில் சான்டஸ்கியை ஒரு சிறுவனோடு பார்த்தார் மைக் மெக்குயரி என்ற இளம் உதவியாளர். மறுநாள் காலை பட்டெர்னோவின் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். பட்டெர்னோ அதைத் தன் மேலதிகாரியிடம் சொன்னார். காவல்துறைக்கு யாரும் சொல்லவில்லை. பத்து வருடங்கள் போயின.

2011 நவம்பர் 9 காலையில், பருவம் முடிந்ததும் ஓய்வு பெறுவதாகப் பட்டெர்னோ அறிவித்தார். அன்றிரவே அறங்காவலர் குழு தொலைபேசியில் அவரைப் பணிநீக்கியது. மாணவர்கள் தெருவில் இறங்கி ஒரு தொலைக்காட்சி வண்டியைக் கவிழ்த்தார்கள். 2012 ஜனவரி 22 அன்று, 85ஆவது வயதில், நுரையீரல் புற்றுநோயில் அவர் இறந்தார். ஜூன் மாதம் சான்டஸ்கி மீதான 48 குற்றச்சாட்டுகளில் 45 உறுதியாயின. எட்டு இளைஞர்கள் நீதிமன்றத்தில் நின்று சாட்சி சொன்னார்கள். ஜூலை 22 அன்று சிலையை எடுத்துவிட்டார்கள். மறுநாள் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் தேசியச் சங்கமான என்சிஏஏ தண்டனையை அறிவித்தது. 6 கோடி டாலர் அபராதம். 1998 முதல் 2011 வரை பென் ஸ்டேட் பெற்ற 112 வெற்றிகள் நீக்கம். அவற்றில் 111 பட்டெர்னோவுடையவை. 409 ஒரே காலையில் 298 ஆனது. 377 வெற்றிகளோடு ஃபுளோரிடா ஸ்டேட்டின் பாபி பௌடன் பெரிய பல்கலைக்கழகங்களின் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தார்.

அப்போது நான் இந்த மாநிலத்தில் ஒரு மென்பொருள் திட்டத்தில் ஆலோசகராக இருந்தேன். என் பக்கத்து மேசைக்காரர் பென் ஸ்டேட்டில் படித்தவர். எனக்கு இந்த ஆட்டத்தைக் காகிதத்தில் கோடு போட்டுக் கற்றுக் கொடுத்தவரும் அவரே. எதிர் மேசையில் எங்கள் சோதனைப் பிரிவின் தலைவி. அவரும் அதே பல்கலைக்கழகம்தான், அதே விசிறிதான். மதிய உணவு நேரத்தில் இருவரும் மோதிக்கொள்வார்கள். நான் தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பேன்.

மேசைக்காரர் சொல்வார்: அன்றைய சட்டம் என்ன சொன்னதோ அதை ஜோபா செய்தார். நிறுவன ஊழியர் தன் மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், தெரிவித்தார். அரசு வழக்கறிஞர்கள் அவர்மேல் வழக்குப் போடவே இல்லை. ஆட்டத்தில் யாரும் ஏமாற்றவில்லை. பனியில் நின்று ஆடிய பையன்கள் என்ன தப்புச் செய்தார்கள்?

தலைவி சொல்வார்: இந்த ஊரில் ஜோபாவுக்கு மேலதிகாரி என்று யாராவது உண்டா? அவர் மறுபடி ஒரு முறை கேட்டிருந்தால் போதும். பத்து வருடம் அந்த மனிதர் கண்முன்னே நடமாடினார், ஒரு முறைகூடக் கேட்கவில்லையே.

பல்கலைக்கழகமே நியமித்த லூயி ஃப்ரீ, எஃப்பிஐயின் முன்னாள் இயக்குநர், 2012 ஜூலையில் அறிக்கை தந்தார். 2001இல் அதிகாரிகள் குழந்தைகள் நலத்துறைக்குத் தெரிவிக்க எண்ணியதும், விளையாட்டுத் துறைத் தலைவர் ஜோவிடம் பேசிய பிறகு மனம் மாறியதும் மின்னஞ்சல்களில் இருந்தன. ஜோ என்ன பேசினார் என்பது எந்த மின்னஞ்சலிலும் இல்லை. பட்டெர்னோ குடும்பம் 2013இல் மறுப்பறிக்கை வெளியிட்டது. ஃப்ரீ ஊகத்தை உண்மையாக்கிவிட்டார் என்றது. மேசைக்காரர் ஒன்றை அச்செடுத்து வைத்திருந்தார், தலைவி மற்றதை.

நான் முதலில் மேசைக்காரர் பக்கம். அதற்குக் காரணம் நியாயம் அல்ல, என் தொழில். என்சிஏஏ வெற்றிகளை நீக்கியது, ஆனால் அவற்றைத் தோற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. இல்லினாயின் ஏட்டில் அந்தப் பனிநாளில் ஒரு தோல்வி இருக்கிறது. பென் ஸ்டேட்டின் ஏட்டில் வெற்றி இல்லை. யாரிடம் தோற்றார்கள்? தரவுத்தளத்தில் இப்படி ஒரு பக்கம் மட்டும் அழித்தால் எங்களை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். கணக்குப் பதிவில் பிழை என்றால் நாங்கள் பழைய வரியை அழிப்பதில்லை. கீழே திருத்த வரி சேர்ப்போம். யார், எப்போது, ஏன் என்பதும் அதில் இருக்கும். அழித்தால் தவறும் சேர்ந்து மறைந்துவிடும்.

இன்னொரு விசித்திரமும் இருந்தது. 298 என்று எண்ணினால் பட்டெர்னோவின் கடைசி வெற்றி 1997 நவம்பரில் விஸ்கான்சினுக்கு எதிரானது. அன்று அணியின் குவார்ட்டர்பேக் மைக் மெக்குயரி. அந்தக் குளியலறைக் கதவைத் திறந்தவர்.

இதை நான் மேசையில் எடுத்துச் சொன்னேன், ஏதோ கண்டுபிடித்துவிட்ட பெருமையில். மேசைக்காரர் சிரித்தார். தலைவி சிரிக்கவில்லை. "எட்டு மாதமாக நாம் இதைப் பேசுகிறோம். அந்தப் பையன்களைப் பற்றி நீ இன்றுவரை ஒரு கேள்வி கேட்டாயா?" என்றார். அவர் அப்படித்தான் கேட்டார், கோபமில்லாமல். எனக்குச் சாதம் இறங்கவில்லை. நான் 111 ஆட்டங்களின் கணக்கைச் சரிபார்த்திருந்தேன். அந்த 45 குற்றங்களைப் படிக்கவே இல்லை. அன்றிரவு படித்தேன். என் மகனுக்கு அப்போது நாலு வயது.

பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். மாநில செனட்டர் ஒருவர் அபராதப் பணம் பென்சில்வேனியாவிலேயே செலவாக வேண்டும் என்று வழக்குத் தொடுத்தார். வழக்கு வளர்ந்து, தண்டிக்க என்சிஏஏவுக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வியில் வந்து நின்றது. 2015 ஜனவரி 16 அன்று சமரசம் ஏற்பட்டது. 112 வெற்றிகளும் திரும்பின. மேசைக்காரர் காரில் '409' என்று ஒட்டுவில்லை ஒட்டினார். 2017இல் விளையாட்டுத் துறைத் தலைவரும் துணைத் தலைவர் ஒருவரும் குழந்தைகளை ஆபத்துக்குள்ளாக்கியதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். முன்னாள் பல்கலைக்கழகத் தலைவரையும் அதே குற்றத்துக்கு நடுவர் குழு தண்டித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குப் பல்கலைக்கழகம் கொடுத்த இழப்பீடு 10 கோடி டாலரைத் தாண்டியது. சிலை இன்னும் திரும்பவில்லை. நூலகத்தின் பெயர் மாறவும் இல்லை.

409 திரும்பியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்த ஆட்டங்கள் நடந்தன. நீக்கியது வரலாற்றுக்கு உதவவில்லை, குழந்தைகளுக்கும் உதவவில்லை. ஆனால் திரும்பி வந்த எண் தனியாக வந்தது. அடுத்த வரியில் இருக்க வேண்டியது எதுவும் ஏறவில்லை. 2001இல் அவரிடம் சொல்லப்பட்டது, அவர் மேலே சொன்னார், பிறகு கேட்கவில்லை. பணிநீக்கத்துக்கு முன் அவரே, இன்னும் கூடுதலாகச் செய்திருக்கலாம் என்று வருந்தினார். அந்த வருத்தத்தை அவருடைய விசிறிகளே ஏற்க மறுத்தார்கள். ஒரு பக்கம் அவரைத் தெய்வமாக்கியது, மறுபக்கம் பூதமாக்கியது. படித்த, நேர்மையான, தாராளமான ஒரு மனிதர் சொல்லவேண்டியவரிடம் சொல்லிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிட்டார். பார்க்கச் சங்கடமாக இருப்பது அதுதான். நம்மில் பலரும் அப்படித்தான் இருந்திருப்போம்.

உண்மையில் அந்தத் திருத்த வரியை எழுதியது என்சிஏஏ அல்ல, பென்சில்வேனியாவின் சட்டமன்றம். சான்டஸ்கி கைதுக்குப் பிறகு ஒரு ஆய்வுக்குழு அமைத்தார்கள். அதன் பரிந்துரைப்படி இருபதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. மேலதிகாரியிடம் சொன்னால் கடமை முடிந்தது என்ற விதி 2014 கடைசியோடு போய்விட்டது. பிள்ளைகளோடு வேலை செய்பவர் சந்தேகம் வந்தால் தானே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். தன்னார்வலர்களும் சான்றிதழ் வாங்க வேண்டும். பத்து வருடம் தொடர்ந்து மாநிலத்தில் வசிக்காதவர் விரல் ரேகையும் கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் நான் பெரியவருக்குக் காரில் சொன்னேன். கடைசியில் அவர் ரேகை கொடுக்கச் சம்மதித்திருந்தார். அந்த மையத்தில் இயந்திரம் அவருடைய விரல்களைப் படிக்கவில்லை. வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்துவிடும் என்று அங்கிருந்த பெண் சொல்லி, ஒரு பாட்டில் லோஷன் கொடுத்துத் தேய்த்துக்கொள்ளச் சொன்னாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கைகளைத் தேய்த்தபடி இருந்தார்.

"என் சர்வீஸ்ல ஒரு தடவை" என்று ஆரம்பித்தார். "ஒரு பொண்ணு வந்து எங்கிட்ட ஒரு வாத்தியாரைப் பத்திச் சொல்லுச்சு. நான் தலைமையாசிரியர்கிட்ட சொன்னேன்."

"அப்புறம் என்ன ஆச்சு ஐயா?"

"தெரியலை தம்பி. நான் கேட்கலை."

அந்தப் பெண் அவர் பெயரைக் கூப்பிட்டாள். அவர் எழுந்து போய் மறுபடி விரல்களைக் கண்ணாடியில் வைத்தார். இந்த முறை இயந்திரம் படித்தது.