செயலியில் உள்ள ஐகான்கள் ஏன் ஒரே குடும்பம்போல் இருக்கவேண்டும்?

கைபேசியை எடுத்துப் பாருங்கள். வீடு, மணி, பூதக்கண்ணாடி, பல்சக்கரம்... ஒரு நாளில் இப்படி எத்தனை குட்டிப் படங்களைத் தட்டுகிறோம்? எண்ணிப் பார்த்ததே இல்லை, இல்லையா?

அவை சரியாக இருந்தால் நாம் கவனிப்பதே இல்லை. தப்பாக இருந்தால்தான் தெரியும்.

அண்மையில் என் அம்மா ஒரு செயலியில் மருத்துவரைப் பார்ப்பதற்கான நேரத்தைச் சரிபார்க்கப் போனார். முதல் பக்கத்தில் இடப்பக்கம் வளைந்த அம்புக்குறி. தட்டினால் முந்திய பக்கம் வரும். அடுத்த பக்கத்திலும் கிட்டத்தட்ட அதே அம்புக்குறி. ஆனால் அங்கே அதற்கு அர்த்தம் "ரத்து செய்". அம்மா தட்டினார். பதிவு போச்சு. புதிய தேதிக்கு 3 வாரம் காத்திருந்தார்.

"எனக்கு இங்கிலீஷ் சரியா வராதுல்ல, அதான்," என்றார்.

ஆனால் அது மொழிப் பிரச்சினை இல்லை. ஐகான் பிரச்சினை.

ஒரு செயலிக்கான ஐகான்களை ஒன்றோடு ஒன்று பொருந்தும்படி எப்படி வடிவமைக்கிறார்கள்? பள்ளித் திட்டத்துக்கோ சொந்தச் செயலிக்கோ வடிவமைக்க நினைப்பவர்கள் தெரிந்துகொள்ளவேண்டியவை இதோ.

ஐகான் தொகுப்பு என்றால் என்ன?

ஒரே செயலிக்காக, ஒரே விதிகளைப் பின்பற்றி வரையப்படும் ஐகான்களின் கூட்டம். அளவு, கோட்டின் தடிமன், மூலையின் வளைவு, பார்க்கும் கோணம் எல்லாம் ஒத்துப்போகும்.

அண்ணன் தம்பி முகம் அப்படியே ஒரே மாதிரி இருக்காது. ஆனால் பார்த்ததும் "இவங்க ஒரே வீட்டுப் பிள்ளைங்க" என்று சொல்லிவிடுவோம். ஐகான்களும் அப்படித்தான் இருக்கவேண்டும்.

சும்மா அழகுக்காக இல்லை. ஒரு பக்கத்தில் கற்றுக்கொண்டதை அடுத்த பக்கத்திலும் நம்பலாம் என்பதற்காக. ஒரு படத்துக்கு ஒரே அர்த்தம், ஓர் அர்த்தத்துக்கு ஒரே படம். அது உடைந்தால் அம்மாவுக்கு நடந்ததுதான் நடக்கும்.

இது எப்போது தொடங்கியது?

கணினிக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1964 தோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குப் பல நாட்டவர் வந்தனர். எல்லா மொழியிலும் பலகை வைக்க முடியாது. எனவே ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு படம் வரைந்தனர்.

1972 மியூனிக் ஒலிம்பிக்ஸுக்கு ஜெர்மானிய வடிவமைப்பாளர் ஓட்ல் ஐஷர் அதை இன்னும் கறாராக்கினார். உடல், கை, கால் எல்லாம் ஒரே கட்டத்துக்குள். கோடுகள் நேராக, படுக்கையாக, அல்லது 45 பாகைச் சாய்வாக மட்டுமே. வேறு கோணம் கிடையாது. அதனால் நீச்சல் வீரரும் மிதிவண்டி வீரரும் ஒரே கையால் வரையப்பட்டதுபோல் தெரிகின்றனர்.

கணினித் திரைக்கு அந்த எண்ணத்தைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் சூசன் கேர். 1984இல் வெளிவந்த ஆப்பிள் மெக்கின்டாஷுக்கு ஐகான் வரைந்தவர். கட்டம் போட்ட தாளில், 32க்கு 32 சதுரங்களில் வரைந்தார். மொத்தமே 1,024 புள்ளிகள். நிறம் கறுப்பு, வெள்ளை மட்டும். அந்தக் கணினியின் குப்பைத்தொட்டி அப்படி வந்ததுதான்.

இன்று பல செயலிகளில் பார்க்கும் மூன்று கோடு 'மெனு' ஐகான் அதற்கும் மூத்தது. 1981இல் வந்த ஸெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்தது.

சொந்தமாக வரையத்தான் வேண்டுமா?

கட்டாயமில்லை. கூகளின் மெட்டீரியல் ஐகான்கள் இலவசம். அவற்றின் உரிமம் மாற்றி வரையவும் அனுமதிக்கிறது. ஆப்பிளின் எஸ்எஃப் சிம்பல்ஸ் தொகுப்பு 2019இல் வந்தது. ஆனால் அதை ஆப்பிள் தளங்களுக்கான செயலிகளில்தான் பயன்படுத்தலாம். சின்னமாகவோ லோகோவாகவோ போட அனுமதி இல்லை. எதை எடுத்தாலும் முதலில் உரிமத்தைப் படியுங்கள்.

பிரச்சினை எங்கே வரும் தெரியுமா? இங்கே 5, அங்கே 3 என்று பல தொகுப்புகளிலிருந்து எடுத்துக் கலக்கும்போது. ஒன்று தடித்த கோடு, ஒன்று மெல்லிய கோடு. ஒன்று உருண்டை மூலை, ஒன்று கூர்மூலை. பார்த்தாலே ஒட்டாது.

பாதி வழி ஒன்றும் இருக்கிறது. பொதுவான ஐகான்களை ஒரே தொகுப்பிலிருந்து எடுங்கள். உங்கள் செயலிக்கே உரியவற்றை மட்டும் அதே விதிப்படி வரையுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் பள்ளித் தமிழ்மொழிக் கழகத்துக்கு ஒரு செயலி செய்வதாக வைத்துக்கொள்வோம். மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு பட்டியல் போடுங்கள்.

- எந்தெந்தப் பக்கத்தில் என்னென்ன செயல்? முகப்பு, நிகழ்ச்சிகள், படங்கள், உரையாடல், சேமி, அழி, பகிர்.
- ஒரே செயல் இரண்டு இடத்தில் வருகிறதா? அப்படியானால் ஒரே ஐகான் போதும்.
- இரண்டு செயல்களுக்கு ஒரே படம் தோன்றுகிறதா? ஒன்றை மாற்றுங்கள்.
- படமே பொருந்தாத செயல் இருக்கிறதா? எழுத்தில் போடுங்கள். எல்லாவற்றுக்கும் ஐகான் தேவையில்லை.

பிறகு ஒவ்வொன்றுக்கும் தாளில் மூன்று நான்கு ஓவியம் கிறுக்கிப் பாருங்கள். எல்லா ஐகான்களையும் ஒரேயடியாக வரையவேண்டாம். வடிவத்தில் வேறுபட்ட ஐந்தாறை முதலில் முடியுங்கள்: ஒன்று உருண்டை, ஒன்று சதுரம், ஒன்று உயரமானது, ஒன்று அகலமானது, ஒன்று சாய்வானது. அவை ஒத்துப்போனால் மற்றவை தானாக வரும்.

கட்டம் எதற்கு?

மெட்டீரியல் விதியை எடுத்துக்கொள்வோம். ஐகானின் இடம் 24க்கு 24 அலகு. நான்கு பக்கமும் 2 அலகு காலியாக விடவேண்டும். வரைய மிஞ்சுவது 20க்கு 20.

அதற்குள் அடிப்படை வடிவங்கள் இப்படி:

- வட்டம்: குறுக்களவு 20
- சதுரம்: 18க்கு 18
- நின்ற செவ்வகம்: அகலம் 16, உயரம் 20
- படுத்த செவ்வகம்: அகலம் 20, உயரம் 16

ஏன் எல்லாம் 20 இல்லை? பரப்பளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுரம் 324. செவ்வகம் 320. வட்டம் ஏறக்குறைய 314. மூன்றும் கிட்டத்தட்ட ஒன்று!

சதுரத்தையும் 20 ஆக்கினால் பரப்பு 400 ஆகிவிடும். பக்கத்தில் உள்ள வட்டம் இளைத்துப்போனதுபோல் தெரியும். அளவுகோல் "சமம்" என்று சொல்லும். கண் ஒத்துக்கொள்ளாது. ஐகான் வேலையில் கண் சொல்வதுதான் சரி.

வட்டத்துக்குள் இருக்கும் 'பிளே' முக்கோணமும் அப்படித்தான். அதைச் சரியாக நடுவில் வைத்தால் இடப்பக்கம் ஒதுங்கியதுபோல் தெரியும். முக்கோணத்தின் கனம் அடிப்பகுதியில் இருப்பதுதான் காரணம். எனவே அதைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளவேண்டும்.

வேறு என்ன விதிகள்?

- கோட்டின் தடிமன்: எல்லா ஐகானிலும் ஒன்றே. 24 அலகு ஐகானுக்கு 2 அலகுக் கோடு வழக்கம்.
- முழு எண்கள்: கோட்டின் ஓரம் திரையின் புள்ளிக் கட்டத்தில் உட்காரவேண்டும். பாதிப் புள்ளியில் விழுந்தால், சாதாரணத் திரையில் கோடு மங்கலாகும்.
- மூலை: வெளிமூலை வளைவு ஒரே அளவு.
- கோணம்: எல்லாம் நேர்முகப் பார்வை, அல்லது எல்லாம் சாய்வுப் பார்வை. கலக்கக்கூடாது.
- நுணுக்கம்: ஒரு கேமராவுக்கு 8 கோடு, ஒரு வீட்டுக்கு 3 கோடு என்றால் கேமரா கறுத்துத் தெரியும். குறைத்துக்கொள்ளுங்கள்.
- நிரப்பு: கோட்டோவியம் 'தேர்ந்தெடுக்காதது', நிரப்பிய ஓவியம் 'தேர்ந்தெடுத்தது' என்று பல செயலிகள் வைத்திருக்கின்றன. நீங்களும் அப்படி வைத்தால் எல்லாப் பக்கத்திலும் அதையே பின்பற்றுங்கள்.

இவற்றை ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து வேறொருவர் புது ஐகான் சேர்க்கும்போது அந்த ஒரு பக்கம்தான் காப்பாற்றும்.

தமிழில் செயலி என்றால் என்ன கவனிக்கவேண்டும்?

முதலாவது, மொழித் தேர்வு. சில செயலிகள் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு நாட்டுக் கொடி போடுகின்றன. தமிழுக்கு எந்தக் கொடி? சிங்கப்பூரில் தமிழ் அதிகாரத்துவ மொழி. இலங்கையிலும் அப்படியே. மலேசியாவில் தமிழ்ப்பள்ளிகளே இருக்கின்றன. இங்கே பிறந்து வளர்ந்தவர் தமிழில் படிக்க வேறொரு நாட்டுக் கொடியைத் தட்டவேண்டுமா? கொடி நாட்டுக்கு. மொழிக்கு அதன் பெயரே போதும்: "தமிழ்".

இரண்டாவது, எழுத்தை வைத்து வரையும் ஐகான்கள். தடித்த எழுத்துக்கு 'பி', சாய்வெழுத்துக்கு 'ஐ' என்று போடுவது ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்தை வைத்துத்தான். தமிழ்ப் பக்கத்தில் தடித்த 'அ', சாய்ந்த 'அ' என்று வரைந்தால் சொல்லாமலேயே புரியும்.

மூன்றாவது, ஐகானுக்குக் கீழே வரும் பெயர். தமிழ்ச் சொற்கள் நீளம். "அமைப்புகள்" என்பதற்கு இடம் விடாவிட்டால் "அமைப்..." என்று நிற்கும். கி, கீ, கு, கூ போன்ற எழுத்துகள் மேலும் கீழும் நீளும். வரியின் உயரத்தைக் கூட்டாவிட்டால் அவை வெட்டுப்படும்.

நான்காவது, ஊருக்கு ஊர் படம் மாறும். பெருவிரைவு ரயில் நிலையத்தில் முள்பழத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட பலகையைப் பார்த்ததும் நமக்குத் தெரியும், டுரியானுக்கு அனுமதி இல்லை என்று. டுரியானைப் பார்த்தே இராத ஒருவருக்கு? அது ஏதோ முள்ளுருண்டை.

காலமும் படத்தை மாற்றும். 'சேமி' என்பதற்குப் போடும் ஃப்ளாப்பி வட்டை உங்களில் எத்தனை பேர் கையால் தொட்டிருக்கிறீர்கள்?

எல்லாருக்கும் தெரிகிறதா?

இணைய அணுக்கத்துக்கான அனைத்துலக வழிகாட்டி நெறிமுறைகள் சில அளவுகளைச் சொல்கின்றன.

- செயலைப் புரிந்துகொள்ளத் தேவைப்படும் ஐகானுக்கும் பின்னணிக்கும் இடையே நிறவேறுபாடு குறைந்தது 3க்கு 1 இருக்கவேண்டும். வெள்ளைமேல் வெளிர் சாம்பல் அழகுதான், ஆனால் பலருக்குத் தெரியாது.
- நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. பச்சை 'சரி', சிவப்பு 'தவறு' என்றால் நிறக்குருடு உள்ளவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். சரி என்றால் ஒரு குறி, தவறு என்றால் வேறு குறி வேண்டும்.
- படம் சிறிதாக இருக்கலாம், தட்டும் இடம் சிறிதாக இருக்கக்கூடாது. ஆண்ட்ராய்டுக்கு 48க்கு 48 அலகும் ஆப்பிளுக்கு 44க்கு 44 அலகும் பரிந்துரைக்கப்படுகின்றன.
- பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்காக ஒவ்வொரு ஐகானுக்கும் பெயர் கொடுங்கள். தமிழ்ச் செயலி என்றால் அந்தப் பெயரும் தமிழில் இருக்கட்டும்.

முக்கியமான ஒன்று. ஐகானுக்குக் கீழே சொல்லும் இருக்கட்டும். வீடு, பூதக்கண்ணாடி மாதிரி சில படங்கள்தான் எல்லாருக்கும் பழக்கம். மற்றவை ஊகம். அதிலும் 'அழி', 'ரத்து செய்', 'பணம் செலுத்து' மூன்றையும் படத்தை மட்டும் நம்பி விடவே கூடாது. தட்டியதும் "உறுதியாகவா?" என்று ஒருமுறை கேட்கட்டும்.

எப்படிச் சோதிப்பது?

பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம்.

1. எல்லா ஐகானையும் ஒரே வரிசையில் வையுங்கள். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எது தனியாகக் கறுத்தோ வெளுத்தோ தெரிகிறது? அதைத் திருத்துங்கள்.
2. பெரிதாக்கி மட்டும் பார்க்காதீர்கள். உண்மையான அளவில், கைபேசியில், வெயிலில் பாருங்கள்.
3. ஐகானைக் காட்டி, "இதைத் தட்டினா என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். "இது என்ன படம்?" என்று கேட்காதீர்கள். அம்புக்குறி என்று எல்லாரும் சொல்வார்கள். அது எங்கே கொண்டுபோகும் என்பதுதான் கேள்வி.
4. நண்பர்களிடம் மட்டும் கேட்காதீர்கள். தாத்தா பாட்டி, பக்கத்து வீட்டு அங்கிள், தம்பி தங்கை என்று எல்லாரிடமும் கேளுங்கள்.

முடிந்ததும் எஸ்விஜி கோப்புகளாகச் சேமியுங்கள். எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் மங்காது.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கைபேசியை என்னிடம் நீட்டி, "அப்போ தப்பு எம்மேல இல்லையா?" என்று கேட்டார்.

இல்லை, அம்மா. ஒரே படத்துக்கு இரண்டு அர்த்தம் வைத்தவர்மேல்தான்.