காரியோக்கா

காரியோக்கா என்பது பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோ நகரவாசிகளுக்கு வழங்கும் பெயர். திஜூக்கா மலைக்காட்டில் தோன்றிக் குவானபாரா விரிகுடாவில் கலக்கும் சிற்றாறு ஒன்றுக்கு உரியதாயிருந்த இத்தூப்பி மொழிச் சொல், காலக்கிரமத்தில் அவ்வாற்று நீரை உண்டு வாழ்ந்த ஜனங்களுக்கும் ஆகி வந்தது.

சொற்பொருளில் அபிப்பிராய பேதம் உண்டு. ஈற்றிலுள்ள 'ஓகா' வீட்டைக் குறிக்கும் என்பதைப் பெரும்பாலோர் ஒப்புவர். முற்பகுதி வெள்ளையரைச் சுட்டுவதென்று ஒரு சாராரும், காரிஜோ என்னும் பழங்குடியினரைச் சுட்டுவதென்று மற்றொரு சாராரும் கொள்வர். 1557-இல் அவ்விரிகுடாவிலிருந்த பிரெஞ்சுக் குடியேற்றத்துக்கு வந்து, தூப்பினம்பா மக்களோடு பழகி, 1578-இல் தம் யாத்திரை நூலை வெளியிட்ட ழான் தெ லெரி, இப்பெயர் கொண்ட ஆற்றையும் அதனாற் பெயர் பெற்ற கிராமத்தையும் குறிப்பிட்டு, இரண்டாவது பொருளையே தருகிறார். போர்த்துக்கேயர் 1565-இல் நகரை நிறுவுவதற்கு முன்பே அம்மொழியைப் பேசுவோர் வாயிலாகக் கேட்டவர் அவர் என்பது கருதத்தக்கது.

ஆற்று நீரை நகருக்குக் கொணரும் முயற்சி பதினேழாம் நூற்றாண்டில் தொடங்கி மெல்ல நடந்தது. 1723-இல் நீர் நகரச் சதுக்கத்தை அடைந்து, அங்குக் கட்டப்பெற்ற ஊற்று மண்டபத்தின் குழாய்களில் விழலாயிற்று. அடிமைகள் குடங்களோடும் பீப்பாய்களோடும் கூடி நீர் முகந்து வீடுதோறும் சுமந்த அவ்விடம் இன்றும் காரியோக்காச் சதுக்கம் என்றே வழங்குகிறது. கோமிஸ் பிரெய்ரி ஆளுநராயிருந்த காலத்தில், 1750-இல், ஈரடுக்கு வளைவுகளாலான கம்பீரமான நீர்ப்பாலம் முற்றுப்பெற்றது. இந்நீரைப் பருகுவோரில் பாடகர்க்குக் குரல் இனிமையும் மாதர்க்கு முகப்பொலிவும் உண்டாகும் என்ற ஊரார் நம்பிக்கையை, ரோஷா பீத்தா 1730-இல் வெளிவந்த தம் சரித்திர நூலில் பரிவோடு பதிந்துள்ளார். ஒரு நகரத்தார் தம் குடிநீரின் பெயரையே தம் பெயராக ஏற்றதற்கு இதனினும் இனிய விளக்கம் கிடைப்பதரிது.

ஆற்றைக் குறிக்கும் லத்தீன் சொல்லினின்று பிறந்த 'புளுமினென்ஸே' என்பதும் நகரத்தார்க்கு வழங்கியது. 1834-இல் நகரம் மாகாணத்தினின்று பிரிக்கப்பட்டபின், அது படிப்படியாக மாகாணத்தார்க்கு உரியதாகி, காரியோக்கா நகரத்தார்க்கு நின்றது; ஆயினும் 1902-இல் நகரத்திலேயே தோன்றிய கால்பந்துக் கழகம் ஒன்று பழைய பெயரையே தாங்கியுள்ளது.

1960-இல் தலைநகர் பிரசீலியாவுக்கு மாறியதும் ரியோ குவானபாரா என்னும் தனி மாநிலமாயிற்று. 1975-இல் அம்மாநிலம் அண்டை மாநிலத்தோடு இணைக்கப்பட்டது. 2012-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற நிலப்பரப்பின் பெயரிலும் காரியோக்கா என்னும் சொல் இடம்பெற்றுள்ளது.