மவுண்ட் ஆபர்ன் மயானத்தில் மே மாதம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜில் இருக்கிறது மவுண்ட் ஆபர்ன் மயானம். மே மாத விடியலில் அங்கே வருகிறவர்களில் பலர் கையில் பூ இருக்காது. கழுத்தில் பைனாகுலர் தொங்கும். எகிப்தியக் கோயில் போல எழுப்பிய கருங்கல் வாயிலில், யார் எந்தப் பறவையை எங்கே பார்த்தார்கள் என்று குறித்துவைக்க ஒரு பலகையே உண்டு.

1831-ல் இது உருவானது பறவைகளுக்காக அல்ல. பாஸ்டனில் தேவாலயங்களை ஒட்டிய இடுகாடுகள் நிரம்பி வழிந்தன. நோய் பரவுமோ என்ற பயம் வேறு. ஊருக்கு வெளியே புதைக்கலாம் என்றார் ஜேக்கப் பிகலோ என்ற மருத்துவர். மாசசூசெட்ஸ் தோட்டக்கலைச் சங்கம் கைகொடுத்தது. தோட்டக்காரர்கள் அமைத்த மயானமாயிற்றே! குன்று, பள்ளம், குளம் எல்லாவற்றையும் தக்கவைத்து, விதவிதமான மரங்களும் நட்டார்கள்.

பிறகு சுற்றிலும் நகரம் வளர்ந்தது. இன்று அந்த 175 ஏக்கர் ஒரு பச்சைத் தீவு. தென்னமெரிக்காவிலிருந்து வடக்கே இரவெல்லாம் பறந்து வரும் குருவிகளுக்கு, பொழுது விடிகையில் இறங்க அதுதான் கண்ணில் படுகிறது. ஓக் மரங்கள் பூத்து, புழுக்கள் நெளியும் பருவமும் அதுவே. சுமார் பத்து கிராம் எடையே உள்ள பிளாக்பர்னியன் வார்ப்ளர் என்ற குருவி உச்சிக்கிளையில் புழு பொறுக்கும். ஆண்பறவையின் தொண்டை தணல் நிறம். அதைப் பார்க்கக் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்க வேண்டும்.

துப்பாக்கிக் காலம், பைனாகுலர் காலம் என்று பறவையியலின் இரண்டு காலங்களும் இந்த மண்ணில் அடக்கமாகியிருக்கின்றன. 1919-ல் மறைந்த வில்லியம் புரூஸ்டர் கேம்பிரிட்ஜ்காரர். பறவையைச் சுட்டுக் கையில் எடுத்தால்தான் இனம் உறுதி என்பது அவர் காலத்து வழக்கம். அவர் சேர்த்த பல்லாயிரம் பாடம் செய்த பறவைகள் ஹார்வர்டு அருங்காட்சியகத்துக்குப் போயின. அதே மனிதர்தான், பறவைகளைக் கொன்று தொப்பியில் இறகு செருகும் மோகத்தை எதிர்த்து 1896-ல் தொடங்கிய மாசசூசெட்ஸ் ஆடுபான் சங்கத்தின் முதல் தலைவர். முரண்தான்.

1927-ல் நியூயார்க்கிலிருந்து ஹார்வர்டுக்கு வந்தார் லட்லோ கிரிஸ்கம். துப்பாக்கி வேண்டாம், பறக்கும் தோரணை, குரல், ஓர் இறகுக்கோடு போதும் என்று செய்து காட்டினார். வசந்தகாலத்தில் இந்த மயானத்துக்கே ஆட்களை அழைத்துவந்து பழக்கினார். பாக்கெட்டில் அடங்கும் பறவைக் கையேட்டை 1934-ல் வெளியிட்டுப் புகழ்பெற்ற ரோஜர் டோரி பீட்டர்சனும் அவரிடம் பாடம் கேட்டவர்தான்.

கிரிஸ்கம் 1959-ல் இறந்து, இங்கேயே புதைக்கப்பட்டார். மயானத்தில் இன்றும் அடக்கங்கள் நடக்கின்றன. நிர்வாகமோ இப்போது பறவைகளை மனதில் வைத்தே, குளக்கரைகளிலும் பள்ளங்களிலும் அந்த மண்ணுக்குரிய புதர்களையும் மரங்களையும் நட்டுவருகிறது.