திரி வழி ஏறும் நீர்

அகல் விளக்கில் எண்ணெய் திரியைப் பற்றி மேலேறுவதை நம் வீடுகளில் எவரும் வியந்து நோக்குவதில்லை. அவ்வாறே செடிக்கும் கீழிருந்து நீரூட்டலாம் என்ற எண்ணம் பிற்காலத்தது. ஆயினும், வேரருகே நீரைக் கசியவிடும் முறை மிகப் பழமையானது. கி.மு. முதல் நூற்றாண்டில் சீனத்தில் வாழ்ந்த ஃபான் ஷெங்சி என்னும் உழவியல் அறிஞர், மண்பானையை வாய் நிலமட்டத்தில் இருக்குமாறு புதைத்து, அதில் நீர் நிரப்பிச் சுற்றிலும் நான்கு முலாம்பழ விதைகளை ஊன்றச் சொன்னார். சுற்றியுள்ள மண் உலர உலர, பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசியும்.

இதன் தத்துவம் தெளிவாக நெடுங்காலம் ஆயிற்று. குழாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் நீர் ஏறும் என்று இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூரின் 1718-இல் காட்டினார். திரியின் இழைகளுக்கு இடையேயுள்ள இடுக்குகளும் அத்தகைய குழாய்களே.

திரி முறையைப் பெரிதும் விரும்பி ஏற்றவர்கள் ஆப்பிரிக்க வயலட் வளர்ப்போர். வால்டர் வான் செயின்ட் பால் என்ற ஜெர்மானிய அதிகாரி, இன்றைய தான்சானியாவின் உசாம்பரா மலைப்பகுதியில் 1892-இல் கண்ட செடி அது. குளிர்ந்த நீர் பட்டால் அதன் இலையில் தழும்பு விழும். ஈரம் மிகுந்தாலோ குருத்தே அழுகிவிடும். ஆகவே தொட்டியின் அடித்துளையில் திரியைச் செருகி, மறுமுனையைக் கீழேயுள்ள நீர்க்கலத்தில் தோயவிட்டனர். பருத்தித் திரி விரைவில் மட்கும். நைலான் நீடித்து உழைக்கும்.

மண் இலேசாகவும் பொலபொலப்பாகவும் இருத்தல் வேண்டும். தோட்டத்துக் களிமண்ணை அப்படியே நிரப்பிவிட்டு, வேர் அழுகியதற்குத் திரியைப் பழிப்பது முறையன்று. நாளடைவில் மேல்மண்ணில் உப்புப் பூக்கும். அதைக் கழுவ அவ்வப்போது மேலிருந்தும் நீர் ஊற்ற வேண்டும்.