எம்.ஐ.டி. கேட்டும் கறுத்த திரையும்

ஜி.எஸ்.டி. சாலையில் எம்.ஐ.டி. கேட் நிறுத்தத்தில் இறங்குபவர்களுக்கு அந்த வளாகம் அப்துல் கலாம் படித்த இடமாகத்தான் தெரியும். சி. ராஜம் 1949-இல் தொடங்கிய அந்தக் குரோம்பேட்டைக் கல்லூரிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அங்குள்ள ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சி-டாக் சென்னையும் சேர்ந்துதான் 2005-இல் மத்திய அரசின் கட்டற்ற மென்பொருள் தேசிய வள மையத்தை நடத்தத் தொடங்கின. டெபியனை அடித்தளமாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் அந்தத் திட்டத்தில் பிறந்தது; முதல் பதிப்பு 2007 ஜனவரியில் வெளியானது.

அதற்கு முன்பே சென்னையில் லினக்ஸ்காரர்கள் இருந்தார்கள். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஐ.ஐ.டி. மெட்ராஸில் கூடிய பயனர் குழுவை இந்தத் துறையில் பலரும் அறிவார்கள். அந்தக் காலத்தில் லினக்ஸ் நிறுவியவரின் பெரிய தலைவலி திரைதான். திரையை இயக்கும் எக்ஸ்எஃப்ரீ86 மென்பொருளின் அமைப்புக் கோப்பில் மானிட்டரின் கிடைமட்ட, செங்குத்து அதிர்வெண்களைக் கையால் எழுத வேண்டும். அந்த எண்கள் மானிட்டரோடு வந்த கையேட்டில் இருக்கும். தவறாகப் போட்டால் பழைய குழாய் மானிட்டரே பழுதாகலாம் என்று ஆவணங்கள் எச்சரித்தன. கையேட்டைத் தொலைத்தவர் பாடு திண்டாட்டம்தான்.

2004-இல் அதற்குப் பதிலாக எக்ஸ்.ஆர்க் வந்தது, மெல்ல மெல்ல மானிட்டரைக் கணினியே அடையாளம் கண்டுகொண்டது. 2009-இல் லினக்ஸின் மையப்பகுதியான கர்னலின் 2.6.29 பதிப்பில் இன்னொரு பெரிய மாற்றம். திரையின் அளவையும் அதிர்வெண்ணையும் அமைக்கும் பொறுப்பு, இன்டெல் சிப்களில் தொடங்கி, கர்னலுக்குள்ளேயே போனது. அதன் பிறகு கர்னல் மாறினால் திரையும் அதோடு மாறும்.

சிக்கல் இங்கேதான். இன்டெல் டிரைவரின் மூலநிரல் கர்னலோடு சேர்ந்தே வளர்கிறது. ஒன்று மாறும்போது மற்றதையும் திருத்திவிடுகிறார்கள். கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியாவின் டிரைவரோ நெடுங்காலம் பூட்டிய பெட்டியாக வெளியிலிருந்து வந்தது. ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் அதன் மாட்யூலைத் திரும்பக் கட்ட வேண்டும். டெல் நிறுவனத்தில் உருவான டி.கே.எம்.எஸ். அந்த வேலையைத் தானாகச் செய்கிறது. ஆனால் புதிய கர்னலுக்கான ஹெடர் கோப்புகள் கணினியில் இல்லாவிட்டாலோ, கர்னலின் உள்ளமைப்பு மாறியிருந்தாலோ அது தோற்றுப்போகும். அப்டேட் முடித்து ரீஸ்டார்ட் செய்தவருக்குக் கிடைப்பது கறுத்த திரையும், சில சமயம் மூலையில் சிமிட்டும் ஒரு கோடும்.

விஷயம் தெரிந்தவர் பதறுவதில்லை. கிரப் பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுப்பார். அதுவும் உதவாவிட்டால் 'ஈ' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் முடிவில், கர்னல் திரையை அமைப்பதைத் தடுக்கும் நோமோட்செட் சேர்த்து பூட் செய்வார். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தினால் எழுத்து முனையம் திறக்கும். டி.கே.எம்.எஸ். நிலையைக் கேட்டால் எந்தக் கர்னலுக்கு மாட்யூல் கட்டப்படவில்லை என்று காட்டும். ஹெடரை நிறுவி மறுபடி கட்டினால் பெரும்பாலும் திரை திரும்பிவிடும். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் மட்டும், கட்டிய மாட்யூலுக்குக் கையொப்பச் சாவி பதிய வேண்டும். இதை மறந்து மணிக்கணக்கில் மல்லாடுபவர்கள் ஏராளம்.

மீண்டும் பாஸ் லினக்ஸுக்கு வருவோம். 2011 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. சி-டாக்கிலும் குரோம்பேட்டையிலும் நடந்த வேலையின் பலன் அரசுப் பள்ளி மாணவர் வீட்டு மேசைவரை போனதற்கு இதைவிடப் பெரிய சான்று இல்லை. 2012 ஜனவரியில் கணியம் இதழ் வந்து, லினக்ஸ் விஷயங்களையெல்லாம் தமிழிலேயே விளக்கத் தொடங்கியது. ஆங்கிலப் பிழைச் செய்தியைக் கண்டு ஒதுங்கிய பிள்ளைகளுக்கு அது எத்தனை பெரிய துணை!

அதே 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ், தாங்கள் பழகியதிலேயே மோசமான நிறுவனம் என்று என்விடியாவை வெளிப்படையாகச் சாடினார். அந்த நிறுவனம் கர்னல் மாட்யூலின் மூலநிரலைத் திறந்தது 2022 மே மாதத்தில்தான். அதுவும் 2018-இல் அறிமுகமான டூரிங் வகையும் அதற்குப் பிந்தையவையும் மட்டுமே அதில் அடங்கும். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கார்டை வைத்திருப்பவருக்கு இன்னமும் பூட்டிய டிரைவர்தான், இல்லையேல் தன்னார்வலர்கள் எழுதிய நூவோ.